சாலைக்கு ஏறி வந்த வீடு

“துணையாள்: மகள். பெயர்: அதிலியா ராயின். வயது நாற்பத்திரண்டு. மணமாகாதவர். தொழில் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தானாக முன்வந்து எதையும் செய்யும் ஆற்றல் குறைவு. நோயாளியின் சிகிச்சை தடையின்றி நடப்பதற்கு இவரை நம்பியிருப்பது உசிதமல்ல. நோயாளியை நகரத்து விடுதியில் தங்கவைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.”

மருத்துவமனையின் சமூக நலப் பிரிவு எழுதிய அறிக்கை இது. எழுதியவர் கொன்ஸ்தான்சா என்ற இளம்பெண். நல்லவர், பொறுமைசாலி, கையெழுத்துகூட அழகு. அறிக்கையில் பொய் என்று ஒரு வரி கிடையாது. அதிலியா தரையைப் பார்த்தது உண்மை. மணமாகாததும் உண்மை. தொழில் இல்லை என்பதும் ஒருவகையில் சரிதான். கடல் வற்றும் நேரத்தில் பாசி அரித்து உலர்த்துவது, பதினோரு வகை உருளைக்கிழங்கு போடுவது, நாற்பது செம்மறிகளுக்கு மயிர் கத்தரிப்பது, வேலி அடைப்பது, கூரைச் சில்லு மாற்றுவது எல்லாவற்றையும் ஒருத்தியே செய்தால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைத் தொழில் என்று எப்படி எழுதுவது?

நோயாளி அவளுடைய தாய் உபெர்லிந்தா. அறுபத்தெட்டு வயது. சிலோயே தீவில் எங்கள் கோல்வே முனையில், யாரிடமும் எதையும் கேட்டு வாங்காதவள் என்று பெயரெடுத்தவள். போன ஜனவரியில் குடலில் கட்டி இருப்பது தெரிந்து அறுத்து எடுத்தார்கள். பிறகு பதினான்கு நாளைக்கு ஒருமுறை கீமோ, மொத்தம் பன்னிரண்டு என்று சொல்லி அனுப்பினார்கள். காலை ஆறு மணிக்கு மருத்துவமனை வண்டி சாலையில் வந்து நிற்கும். அதில் ஏறி, படகுத்துறைக்குப் போய், கடற்கால்வாயைக் கடந்து, நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே மூன்று மணி நேரம் நரம்பில் மருந்து ஏறும். அது போதாதென்று பால்புட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் குப்பியை இடுப்பில் கட்டி அனுப்புவார்கள். அதிலிருந்து இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். “இந்த வயசுல இடுப்புல கைக்குழந்தை” என்று உபெர்லிந்தா அதைத் தட்டிக் காட்டுவாள்.

அந்த மருந்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஏறிய சில நாட்களுக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்த கரண்டியைத் தொட்டால் விரல் நுனிகளில் முள் குத்தும். குளிர்காற்றை உள்ளே இழுத்தால் யாரோ தொண்டையைப் பிடித்து நெரிப்பதுபோல இருக்கும். எங்கள் தீவில் குளிர் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான்: எரியும் விறகடுப்புக்குப் பக்கம். உபெர்லிந்தாவின் விறகடுப்போ சாலையிலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டர் தள்ளி, முனையின் கடைசியில், கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுடைய மாமனார் அந்த வீட்டைச் சாலையோரமாகத்தான் கட்டினார். அந்தக் காலத்தில் சாலை என்றால் கடல். படகில் வந்தார்கள், படகில் போனார்கள். அப்புறம் அரசாங்கம் மேட்டுமேல் கப்பிச்சாலை போட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, சாலை இடம் மாறிவிட்டது. நடுவில் ராயின் குடும்பத்தின் நிலம், நீளமான ஒரு நாடாவைப்போல, கடற்கரையிலிருந்து சாலைவரை கிடந்தது. அந்த நாடாவின் நடுப்பகுதியில் ஒரு சதுப்பு.

நான்காவது கீமோ முடிந்து திரும்பிய மாலை மழை பிடித்துக்கொண்டது. அதிலியா மாடு இழுக்கும், சக்கரமில்லாத சறுக்குவண்டியோடு சாலையில் காத்திருந்தாள். மூன்று கம்பளி, அதன்மேல் எண்ணெய்த்துணி, எல்லாவற்றுக்கும் அடியில் அம்மா, அம்மாவின் இடுப்பில் குப்பி. சதுப்பின் நடுவில் காற்று எதிர்முகமாக அடித்தபோது உபெர்லிந்தாவுக்குத் தொண்டை அடைத்தது. மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. வருகிறது என்று நம்பத்தான் முடியவில்லை. அதிலியா தன் மேல்சட்டையைக் கழற்றி அம்மாவின் முகத்தைப் பொத்தி, வண்டியை ஒட்டியே ஐம்பது நிமிடம் நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்து, அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, வெந்நீர் குடித்து முடித்ததும் உபெர்லிந்தா சொன்னாள்: “போதும்.”

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்தும் அதையே சொன்னபோதுதான் மகன் எர்னான் மீன்பண்ணை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். கொன்ஸ்தான்சாவும் வந்தார். சேற்றில் ஒரு மணி நேரம் நடந்து, ஒரு செருப்பைச் சதுப்பில் விட்டுவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

“எட்டு பாக்கி இருக்கு, அவ்வளவுதானே? வேற யாருக்காவது போடச் சொல்லுங்க” என்றாள் உபெர்லிந்தா.

“அம்மா, இது என்ன உருளைக்கிழங்கா, மிஞ்சினதைப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்குறதுக்கு?” என்றான் எர்னான். “நகரத்துல விடுதி இருக்கு. சூடா இருக்கும். சும்மா கட்டில்ல படுத்திருந்தா போதும்.”

“மூணாவது தடவை ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுத்தானே வந்தேன். செவுத்துல ஒரு பொட்டி, அதுலேர்ந்து சூடு வருது. நெருப்பு எங்கேன்னு கேட்டா சிரிக்கிறாளுங்க. நெருப்பு கண்ணுல படாத இடத்துல எப்படிடா தூங்குறது?”

“தோன்யா உபெர்லிந்தா,” என்று மரியாதைச் சொல்லோடு ஆரம்பித்தார் கொன்ஸ்தான்சா, “ரத்தப் பரிசோதனை ரொம்ப நல்லா இருக்கு. மருந்து வேலை செய்யுது. இப்பப் போய் நிறுத்தினா…”

“நான் எங்கேம்மா நிறுத்துறேன்? வண்டியை இங்கே வரச் சொல்லு.”

“வண்டி ரோடு வரைக்கும்தான் வரும். அது விதி.”

“வீடு இங்கேதான் இருக்கும். அதுவும் விதிதான்.”

கொன்ஸ்தான்சா மகளின் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன நினைக்கிறீங்க, அதிலியா?” அதிலியா தரையைப் பார்த்தாள். மூன்று முறை கேட்டார். அவள் அடுப்படித் தரையைப் பார்த்தாள், பிறகு மூலையைப் பார்த்தாள், பிறகு குதிகாலால் ஒரு பலகையை மெதுவாகத் தட்டினாள். கொன்ஸ்தான்சா குறிப்பேட்டில் அழகான கையெழுத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அது என்ன என்று நமக்குத் தெரியும்.

அவர் ஒரு செருப்போடு கிளம்பிப்போன பிறகு அதிலியா வாய் திறந்தாள்.

“தரைக்கு அடியில இருக்குற உத்தரம் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. வடக்கு மூலையில ஒண்ணுதான் உளுத்துப்போயிருக்கு. மாத்திடலாம்.”

“இப்ப அது எதுக்கு?” என்றான் எர்னான்.

“வீட்டை மேல இழுத்துட்டுப் போறதுக்கு.”

எர்னான் மாத்தே என்ற இலைத்தேநீரைக் குடிக்கும் குழலை வாயிலிருந்து எடுத்தான்.

“அம்மா போக மாட்டாங்க. ரோடு கீழ வராது. பாக்கி இருக்குறது வீடுதானே?” என்றாள் அதிலியா.

இழுப்பது எங்களுக்குப் புதிதில்லை. இங்கே வீடுகள் மரத்தால் ஆனவை. ஊரே கூடி, அடியில் இரண்டு நீளமான மரங்களைச் செருகி, மாடுகளைப் பூட்டி, ஒரு வீட்டைப் பெயர்த்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் வைப்பதை மிங்கா என்போம். வந்தவர்களுக்குக் கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. ஆனால் மிங்கா என்றால் பிப்ரவரி, எங்களுக்குக் கோடை. தரை காய்ந்திருக்கும், ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள். இது மே மாதம், குளிரும் மழையும் தொடங்கும் காலம்.

“அக்கா, சேறு முழங்கால் வரைக்கும் இருக்கு. எவன் வருவான்?”

“கேட்டாத்தானே தெரியும்.”

“யாரு கேக்கப்போறது? நீயா?” என்று எர்னான் சிரித்தான். உபெர்லிந்தாவும் சிரித்தாள். நான்காவது கீமோவுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சரி. வீடு மேல ஏறுச்சுன்னா பாக்கி எட்டையும் போட்டுக்கிறேன். ஏறலைன்னா அதுக்கப்புறம் எவனும் எங்கிட்ட ஊசிப் பேச்சு எடுக்கக் கூடாது. சம்மதமா?”

எர்னான் தயங்கினான். அதிலியா தயங்கவில்லை. “சம்மதம்” என்றாள், தரையைப் பார்த்து.

மருத்துவர் ஒரு வாரம் தள்ளிப்போட அனுமதித்தார். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்றார். செவ்வாய்க்கிழமை வண்டி வரும். ஆகவே அதற்கு முந்தைய சனிக்கிழமை மிங்கா. கையில் ஒன்பது நாள்.

மிங்காவுக்கு ஆள் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருத்தர் மூலம் சொல்லி அனுப்பக் கூடாது, தொலைபேசியில் சொல்லக் கூடாது. வீட்டை நகர்த்த வேண்டியவர் தானே ஒவ்வொரு வீடாகப் போய், உட்கார்ந்து, கொடுக்கிற மாத்தேயைக் குடித்து, வேறு ஏதாவது பேசிவிட்டு, கடைசியில் ‘ஒரு தயவு’ என்று ஆரம்பித்துக் கேட்க வேண்டும். கெஞ்சுதல் என்றே இதற்குப் பெயர். பேச்சுக்காரர்கள் பலர் இதில் தோற்றிருக்கிறார்கள். கதையைச் சுவையாகச் சொல்லி, சிரிக்கவைத்து, கேட்க வந்ததை வந்த வேகத்தில் கேட்டுவிட்டுப் போவார்கள். கெஞ்சின மாதிரியே இருக்காது. அதிலியாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அரை மணி நேரம் அடுப்பைப் பார்த்தும் தரையைப் பார்த்தும் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அவள் வாயைத் திறக்கும் முன்பே வீட்டுக்காரருக்கு மனசு கரைந்துவிடும். நாற்பத்திரண்டு வருடம் குறை என்று சொல்லப்பட்ட ஒன்று, அந்த ஒன்பது நாளில் அவளிடம் இருந்த ஒரே சாமர்த்தியமாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு ஒன்பதாவதாக வந்தாள். அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே செய்தி எங்களுக்கு வந்துவிட்டது. அது தெரியாததுபோல நாங்கள் உட்கார்ந்திருந்தோம், அதுவும் முறைதான். மூன்று மாத்தே போன பிறகு என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“என்ன அதிலியா, எங்க வீட்டுத் தரையும் உளுத்துப்போச்சா?”

“இல்ல, இது நல்லாத்தான் இருக்கு” என்றாள் அவள், சீரியஸாக. பிறகு, “ஒரு தயவு கேட்டு வந்திருக்கேன்.”

முப்பத்தொரு வீடு ஏறி இறங்கினாள். பதினெட்டு ஜோடி மாடு சேர்ந்தது. ஒரே ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

அது தோன் எலியேசர் பாமோந்தேயின் வீடு. பக்கத்து நிலத்துக்காரர். தீவின் இந்தப் பக்கத்தில் மிகப் பெரிய மாட்டு ஜோடி அவருடையது. ஒன்றின் பெயர் பிஷப், மற்றதன் பெயர் கர்னல். இருபத்திரண்டு வருடமாக அவருக்கும் உபெர்லிந்தாவுக்கும் பேச்சு இல்லை. காரணம் ஒரு பன்றி. அவருடைய பன்றி வேலியைத் தாண்டி வந்து இவளுடைய கிழங்குத் தோட்டத்தை உழுதது. மூன்று முறை எச்சரித்தாள், நான்காவது முறை பன்றியை அடித்துக் கொன்றுவிட்டாள். அதோடு விட்டிருந்தால் ஊர் சமாதானம் செய்துவைத்திருக்கும். ஆனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு: ஒரு வீட்டில் பன்றி அறுத்தால் அண்டை வீட்டாருக்கெல்லாம் ஒரு பங்கு அனுப்ப வேண்டும். உபெர்லிந்தா வழக்கம் தவறாதவள். தோன் எலியேசருக்கு அவருடைய பன்றியிலிருந்தே, முறைப்படி, தட்டில் துணி மூடி, பொரித்த கறியும் தொத்திறைச்சியும் அனுப்பிவைத்தாள்.

பேச்சு இல்லாத வீட்டுக்குப் போய்க் கேட்டால் அந்த மனிதருக்குத்தான் சங்கடம் என்று அதிலியா நினைத்தாள். நல்ல எண்ணம். வெளியூர்க்காரர்கள் யாரும் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த ஊரில், விரோதியாக இருப்பதை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். மிங்காவுக்குக் கேட்கப்படாமல் இருப்பதைத் தாங்கவே மாட்டார்கள்.

சனிக்கிழமை விடிந்தபோது மழை இல்லை. மழை வரப்போகிறது என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது. கதவு, ஜன்னல், புகைக்குழாய், கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் கழற்றி எடுத்தாகிவிட்டது. உள்ளே குறுக்குக் கட்டைகள் அடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது இரும்பு அடுப்பு. அதை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாரம். அதை எடுத்தால் உபெர்லிந்தா எங்கே உட்காருவாள்?

அதிலியா அதற்கும் வழி வைத்திருந்தாள். சறுக்குவண்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் அடுப்பை ஏற்றி, குட்டையாக ஒரு புகைக்குழாய் சொருகி, விறகு வைத்து மூட்டிவிட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் கம்பளிகளுக்குள் உபெர்லிந்தா. இப்படியாக எங்கள் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் புகைவிட்டுக்கொண்டு ஒரு சமையலறை, பின்னால் பதினெட்டு ஜோடி மாடு, அதற்கும் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு வீடு. பல மிங்கா பார்த்திருக்கிறேன். ஒரு நோயாளி, எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அகப்பையால் திசை காட்டிக்கொண்டு, தன் வீட்டைத் தானே அழைத்துக்கொண்டு போனதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எர்னான், குனிஞ்சு தள்ளுடா! மீன் புடிக்கிற மாதிரி நிக்கிறான் பாரு!”

“நீங்க கத்தாதீங்கம்மா, தொண்டை அடைக்கும்!”

“அடுப்புப் பக்கத்துல எனக்கு ஒண்ணும் அடைக்காது. நீ தள்ளு!”

முதல் அறுநூறு மீட்டர் வீடு சமர்த்தாக வந்தது. பிறகு சதுப்பு. கிளைகளை வெட்டிப் போட்டு மெத்தைபோலப் பரப்பியிருந்தோம். பாதி தூரம் போனதும், வீட்டுக்கு அடியில் செருகியிருந்த வலது பக்கத்து மரம் கிளைகளைக் குத்திக்கொண்டு கீழே இறங்கியது. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தொப்பியைச் சரித்து வைத்த குடிகாரனைப்போல. மாடுகள் ஒரே நேரத்தில் இழுப்பதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த அதிலியாவின் சித்தப்பாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. மாடுகள் இழுத்தன. ஒரு கயிறு அறுந்தது. மறுபடி இழுத்தன. இன்னொரு கயிறு அறுந்தது. வீடு அசையவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு விரற்கடை கீழே போனது மட்டும்தான் மிச்சம். மழை இறங்கிவிட்டால் அந்த இடத்திலேயே புதைந்து, திங்கட்கிழமைக்குள் உடைந்துவிடும். அது எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை வண்டி வரும் என்பதும் தெரியும். உபெர்லிந்தா அகப்பையை மடியில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்போது எர்னான் கையை நீட்டினான். “அது யாரு?”

பக்கத்து நிலத்து மேட்டில், வேலியை ஒட்டி, தோன் எலியேசர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் பிஷப்பும் கர்னலும். விடியற்காலையிலிருந்தே அங்கே நிற்கிறார் என்று சிறுபிள்ளைகள் சொன்னார்கள். நாங்கள்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதிலியா சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு மேட்டில் ஏறினாள். பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு தோன் எலியேசரே எங்களிடம் சொன்னார், பலமுறை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. அதனால் நம்பலாம்.

“வணக்கம், தோன் எலியேசர். மாட்டோட வந்திருக்கீங்க.”

“சும்மா நடக்கக் கூட்டிட்டு வந்தேன். தின்னது செரிக்கணும்ல.”

“நுகத்தடியோடவா?”

“அதுங்களுக்கு அது பழகிப்போச்சு.”

அதிலியா தரையைப் பார்த்தாள். “முப்பத்தொரு வீட்டுக்குப் போனேன். உங்க வீட்டுக்கு வரல. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு நினைச்சேன். தப்பு என் மேலதான்.”

“சங்கடமா? ஒன்பது நாளா மாத்தேக்குத் தண்ணி கொதிக்க வச்சிட்டு உக்காந்திருக்கேன்! என் வாசலைத் தாண்டி ரெண்டு தடவை போனே. ரெண்டு தடவை! ரெண்டாவது தடவை நான் வாசல்லயே நிக்கிறேன், நீ தரையைப் பாத்துக்கிட்டே போறே!”

“ஒரு தயவு கேட்டு வந்திருக்கேன்.”

“நீ கேட்டா போதாது” என்றார் அவர், கீழே புகைந்துகொண்டிருந்த சறுக்குவண்டியை முகவாயால் காட்டி. “அவ கேக்கட்டும்.”

அப்போதுதான் அதிலியா தலையை நிமிர்த்தினாள். அவள் கண் என்ன நிறம் என்று தனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்பார் தோன் எலியேசர்.

“அம்மா கேக்க மாட்டாங்க. சாகப்போறவங்கதான் பழைய சண்டையையெல்லாம் தீத்துட்டுப் போவாங்க. அம்மா சாகப்போறதில்ல. இன்னும் எட்டு ஊசி பாக்கி இருக்கு. சண்டை அது பாட்டுக்கு இருக்கட்டும். மாட்டை மட்டும் குடுங்க.”

தோன் எலியேசர் கர்னலின் கழுத்தில் நுகத்தடியைச் சரிசெய்தார்.

“அப்ப பன்னி விஷயம் முடியல?”

“முடியல.”

“தப்பு அவ மேலதான்னு நான் இன்னமும் சொல்லலாம்?”

“சொல்லுங்க. அம்மாவும் உங்களைச் சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க.”

“அப்படின்னா சரி” என்று அவர் வேலியின் குறுக்குக் கட்டையை எடுத்தார்.

கீழே வந்ததும் முதல் வேலையாக எல்லோரையும் திட்டினார். சேற்றில் சிக்கியதை முன்னால் இழுக்கிறவன் மடையன், முதலில் பின்னால் ஒரு முழம் இழுத்துச் சேற்றின் பிடியை விடுவிக்க வேண்டும் என்றார். ஆறு ஜோடியைப் பின்பக்கம் பூட்டினார். வீடு பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு பின்னால் அசைந்தது. பள்ளத்தில் கட்டைகளை அடைத்தோம். பிறகு எல்லா மாடுகளையும் முன்னால் கொண்டுவந்து, தலைமையில் பிஷப்பையும் கர்னலையும் நிறுத்தினார்.

“குரல் யாரு குடுக்குறது?”

சித்தப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“நீ குடு” என்றார் தோன் எலியேசர் அதிலியாவிடம். “ஊரெல்லாம் போய்க் கேட்டவ நீதானே?”

சுமார் நூறு பேர் அவளையே பார்த்தார்கள். பத்தொன்பது ஜோடி மாடுகளும்கூடப் பார்த்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அதிலியா மாடுகளுக்குப் பக்கவாட்டில் போய் நின்று, கையைத் தூக்கினாள். நாற்பத்திரண்டு வருடமாகச் செலவழிக்காமல் வைத்திருந்ததெல்லாம் ஒரே சொல்லாக வெளியே வந்தது.

“இப்போ!”

கடல் பக்கம் இருந்த நாரைகள் எழுந்து பறந்தன. மாடுகள் முன்னங்கால்களை மடக்கி இழுத்தன. நாங்கள் தோள் கொடுத்துத் தள்ளினோம். வீடு சேற்றிலிருந்து கிளம்பிய சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை. “இப்போ!” என்றாள், சதுப்பைக் கடந்தது. “இப்போ!” என்றாள், ஆப்பிள் மரங்களைத் தாண்டியது. கடைசி மேட்டில் மாடுகளோடு பிள்ளைகளும் நாய்களும்கூட ஓடின. பிற்பகல் நான்கு மணிக்கு வீடு சாலையிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, புதிதாக நட்ட கட்டைகளின்மேல் உட்கார்ந்தது. முதலில் உள்ளே போனது அடுப்பு, இரண்டாவது உபெர்லிந்தா. கூரைக்கு மேலே புகை வந்த பிறகுதான் மழை ஆரம்பித்தது.

உபெர்லிந்தா ஜன்னல் ஓட்டை வழியாக வெளியே பார்த்தாள். “கடலைக் கொண்டுபோய் இவ்வளவு தூரத்துல வச்சிட்டீங்களே” என்றாள். அதுதான் அவளுடைய நன்றியுரை.

குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, சிப்பியும் கறியும் கிழங்குமாக அடுக்கி, இலை மூடி அவித்த விருந்து கொட்டகையில் நடந்தது. பெண்கள் காலையிலிருந்து கிழங்கு துருவி மலைபோல மில்காவோ அடை தட்டிவைத்திருந்தார்கள். தட்டுகளை உபெர்லிந்தாவே நிரப்பினாள், கம்பளிக் கையுறையோடு. தோன் எலியேசரின் முறை வந்தபோது கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இருப்பதிலேயே பெரிய பன்றிக்கறித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இது யாரோட பன்னி?”

“இந்தத் தடவை என்னோடது.”

அவர் ஒரு வாய் மென்றார். “உப்பு கம்மி.”

“வாயை மூடிட்டுத் தின்னுய்யா.”

இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. சமாதானம் என்று யாரும் அதைச் சொல்லவில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுவாரமே தோன் எலியேசர் சாலைவழியாக வந்து, பன்றி விஷயத்தில் தான் சொன்னதுதான் நியாயம் என்று இரண்டு மாத்தே நேரம் வாதாடிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வந்து ஹாரன் அடித்தது. உபெர்லிந்தா அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்து, பதினான்கு எட்டு வைத்து, ஏறி உட்கார்ந்தாள். மாலையில் குப்பியோடு இறங்கி, பதினான்கு எட்டு வைத்து, அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தாள். குளிர் அவளைப் பார்த்திருக்கும், பிடிக்க நேரம் இருந்திருக்காது.

ஆகஸ்டில் கொன்ஸ்தான்சா நேரில் பார்த்துப்போக வந்தார். இந்த முறை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். சாலையில், ஒரு வீட்டின் வேலிக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, ஆயிரத்து நானூறு மீட்டர் சேற்றில் இறங்கிப் போனார். முனையின் கடைசியில் வீடு இருந்த இடத்தில் சில கட்டைகளும் ஒரு சதுரப் புல்லும் மட்டும் இருந்தன. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். மோசமானதுதான் நடந்திருக்கிறது என்று முடிவுகட்டி, அழுதுகொண்டே ஆயிரத்து நானூறு மீட்டர் திரும்பி ஏறினார். காருக்குப் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து உபெர்லிந்தா கூப்பிட்டாள்.

“ஏம்மா, போகும்போதே கூப்பிட்டேனே, காதுல விழலையா? உள்ள வா, அடுப்பு எரியுது.”

கொன்ஸ்தான்சா படிவத்தை எடுத்தார். முகவரி மாற்றத்துக்கான காரணம் என்ற கேள்விக்கு ‘புதிய வீடு’ என்றும் ‘உறவினர் வீடு’ என்றும் இரண்டு கட்டங்கள் இருந்தன. புதிய வீடா? இல்லை, அதே வீடு, அதே அடுப்பு, அதே நாற்காலி. உறவினர் வீடா? அதுவும் இல்லை. பேனாவை மூடிவிட்டு, “இதை யாரு செஞ்சது?” என்று கேட்டார்.

அதிலியா தரையைப் பார்த்தாள்.

துணையாளைப் பற்றிய குறிப்பைத் திருத்தப் படிவத்தில் இடம் இல்லை. அதனால் அது கோப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது. உபெர்லிந்தாவுக்குப் பதினொன்று முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும், போகப்போகிறாள்.

அதிலியா ராயின் முப்பத்திரண்டு பேரிடம் தயவு கேட்டு, தன் தாயின் வீட்டை ஆயிரத்து நானூறு மீட்டர் நகர்த்திச் சாலையோரத்தில் வைத்தாள்.